அலமேலு: பெயரைப் பற்றி எல்லோரும் கேட்கும் கேள்விகளும் என் பதில்களும்

எங்கள் மகளுக்கு அலர்மேல்மங்கை என்று பெயர் வைத்து ஆறு வருடம் ஆகிறது. என் பாட்டி அலமேலுவின் பெயர் அது. பெயர் சூட்டிய நாளிலிருந்து கேள்விகள் ஓயவில்லை. சொந்தக்காரர்கள், பள்ளி ஆசிரியைகள், தடுப்பூசி போட வந்த செவிலியர், ஒருமுறை திருவல்லிக்கேணியிலிருந்து வீடு திரும்பும்போது ஆட்டோ ஓட்டிய அண்ணன் என்று பலரும் கேட்டிருக்கிறார்கள். இப்போது தங்கள் குழந்தைக்கு இந்தப் பெயரை யோசிக்கும் பெற்றோர்களும் கேட்கிறார்கள். எல்லாருக்கும் சேர்த்து ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன்.

அலமேலு என்றால் என்ன அர்த்தம்?

பூவின்மேல் என்று அர்த்தம். அவ்வளவுதான்.

முழுப்பெயர் அலர்மேல்மங்கை. அலர் என்றால் மலர்ந்த பூ. அரும்பு, மொட்டு, முகை, மலர், அலர், வீ, செம்மல் என்று பூவின் பருவங்களைப் பள்ளியில் படித்திருப்பீர்கள். அதில் அலர் என்பது இதழ் முழுக்க விரிந்து நிற்கும் பருவம். அப்படி விரிந்த தாமரைமேல் வீற்றிருக்கும் மங்கை, அதாவது திருமகள், அலர்மேல்மங்கை.

காலப்போக்கில் மங்கை உதிர்ந்துபோய் 'அலர்மேல்' மட்டும் நின்றது. அது பேச்சில் தேய்ந்து அலமேலு ஆனது. இதில் எனக்குப் பிடித்த விஷயம், பூவைச் சொல்லி, மேல் என்றும் சொல்லி, யார் என்பதை மட்டும் பெயர் சொல்லாமல் விட்டுவிடுகிறது. அந்த இடத்தில் வந்து உட்கார்வது நாம் கூப்பிடும் பெண். தேன்மொழி, கயல்விழி, பூங்குழலி எல்லாம் ஏறக்குறைய இந்த வழிதான். தேன்மொழி என்ற சொல்லுக்குள் தேன் இருக்கிறது, மொழி இருக்கிறது, பெண் இல்லை. ஆனாலும் அது பெண்ணின் பெயர் என்று யாருக்கும் விளக்க வேண்டியதில்லை.

இந்தப் பெயர் முதலில் எங்கே வருகிறது?

நம்மாழ்வாரின் திருவாய்மொழியில் வருகிறது. ஆறாம் பத்து, பத்தாம் திருமொழி, பத்தாம் பாசுரம். 'அகலகில்லேன் இறையும் என்று அலர்மேல் மங்கை உறை மார்பா' என்று திருவேங்கடத்துப் பெருமாளைக் கூப்பிட்டுத் தொடங்கும். இறையும் என்றால் நொடிநேரம்கூட. நொடிநேரம்கூட உன்னைவிட்டு அகலமாட்டேன் என்று சொல்லி மார்பில் குடியிருப்பவள் அவள். ஆழ்வார் அங்கே தன்னைப் 'புகலொன்று இல்லா அடியேன்' என்கிறார். போக வேறு இடமில்லாதவன் பெருமாளின் அடியில் புகும்போது, பக்கத்தில் இருக்கும் தாயாரின் பெயரை முதலில் சொல்லிவிட்டுத்தான் புகுகிறான். வைணவர்கள் இந்தப் பாசுரத்தைச் சரணாகதிப் பாசுரமாகப் போற்றுவது அதனால்தான்.

என் பாட்டிக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் இந்தப் பாசுரம் முழுக்கத் தெரியும். 'அகலகில்லேன்' என்று ஆரம்பிக்கும்போது வலது கையை நெஞ்சில் வைத்துக்கொள்வார். தன் பெயர் வரும் அடி அது என்பது அவருக்குத் தெரியும்.

இது தெலுங்குப் பெயர் இல்லையா?

அதிகம் கேட்கப்படும் கேள்வி இதுதான். நியாயமான சந்தேகம்தான். அலமேலு தாயாரின் திருச்சானூர்க் கோயில் இன்று ஆந்திராவில் இருக்கிறது, அலமேலுமங்கா என்று நாம் கேட்கும் உச்சரிப்பு தெலுங்கு உச்சரிப்பு, அலமேலம்மா என்ற பெயரும் தெலுங்கு வீடுகளில் நிறைய.

ஆனால் பெயர் பிறந்தது தமிழில். தொல்காப்பியப் பாயிரம் 'வடவேங்கடம் தென்குமரி' என்றுதான் தமிழ் வழங்கும் நிலத்துக்கு எல்லை சொல்கிறது. வேங்கடம் நம் வடக்கு எல்லை. திருமலைக் கோயிலின் பழைய கல்வெட்டுகளில் பெரும்பகுதி தமிழில் இருப்பவை. அந்த மலையின் தாயாருக்கு ஆழ்வார் தமிழில் வைத்த பெயர் அங்கேயே தங்கிவிட்டது.

சொல்லையே பாருங்கள். அலரு என்றால் தெலுங்கிலும் பூதான். மேலு என்றால் இன்றைய தெலுங்கில் நன்மை. ஒன்றின்மேல் என்று சொல்ல அவர்கள் 'மீத' என்பார்கள். பூவின்மேல் மங்கை என்ற பொருள் நேராக நிற்பது தமிழில்தான்.

அதற்காகத் தெலுங்குக்கு இந்தப் பெயரில் பங்கில்லை என்று சொல்ல மாட்டேன். தெலுங்குக் கவிஞர் தாள்ளபாக்க அன்னமாச்சாரியார் (1408–1503) அலமேலுமங்கையின் மேல் பாடிய அளவுக்கு வேறு யாரும் பாடியதில்லை. நாணத்தில் அவள் தலை குனிவதையும் கோபித்துக்கொண்டு திரும்பி உட்காருவதையும் பக்கத்து வீட்டுப் பெண்ணைப் பார்ப்பதுபோலப் பாடியவர் அவர். அந்தப் பாடல்கள் செப்பேடுகளில் பொறிக்கப்பட்டு, பல நூற்றாண்டுகள் திருமலையில் ஓர் அறைக்குள் கிடந்து, 1922இல் வெளிவந்தன. நாம் பிறந்த வீடு, அவர்கள் புகுந்த வீடு என்று வைத்துக்கொள்ளலாம். புகுந்த வீட்டில் பெண்ணை நன்றாகவே வைத்துக்கொண்டார்கள்.

கன்னட நாட்டுக்கும் பெயர் போயிருக்கிறது. 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஸ்ரீரங்கப்பட்டணத்தை ஆண்ட திருமலராஜாவின் மனைவி அலமேலம்மா. மைசூர் அரசர் ஆட்கள் நகைக்காகத் துரத்தியபோது, தலக்காடு மணலாகட்டும், மாலங்கி மடுவாகட்டும், மைசூர் அரசர்களுக்குப் பிள்ளை இல்லாமல் போகட்டும் என்று சபித்துவிட்டு ஆற்றில் குதித்தார் என்று இன்றும் கதை சொல்கிறார்கள்.

அலர்மேல் எப்படி அலமேலு ஆனது?

வாயில் நடப்பதுதான். பால் என்று எழுதுகிறோம், 'பாலு வாங்கிட்டு வா' என்கிறோம். கால், காலு. கல், கல்லு. மெய்யெழுத்தில் முடியும் சொல்லுக்கு ஒரு உகரம் கொடுத்து இறக்குவது நம் பேச்சு வழக்கம். அப்படித்தான் மேல், மேலு. நடுவில் இருந்த 'ர்' வேகமாகச் சொல்லும்போது காணாமல் போனது. எழுத்தில் எட்டு, பேச்சில் நாலு. சரிபாதியாகக் குறைந்திருக்கிறது.

அலுமேலு என்று சிலர் சொல்வதும் இதே பெயர்தான். தவறு என்று திருத்த வேண்டாம். எங்கள் தெருவில் பாட்டியை அப்படிக் கூப்பிட்ட பூக்காரம்மாவைப் பாட்டி ஒருநாளும் திருத்தியதில்லை.

அலர் என்றால் ஊர்வாய்ப் பேச்சு என்றும் பொருள் உண்டே?

உண்டு. சங்கப் பாடல்களில் காதலர்களைப் பற்றி ஊரார் வாய்க்குள் முணுமுணுத்தால் அம்பல், வெளிப்படையாகப் பேசினால் அலர். திருக்குறளில் 115ஆம் அதிகாரமே அலரறிவுறுத்தல். மொட்டாக இருந்தது விரிந்ததுபோல, மூடியிருந்த பேச்சு விரிந்ததால் அதற்கும் அதே சொல். ஒரு தமிழாசிரியர் இதைக் காட்டி, குழந்தைக்கு இப்படி வைக்கலாமா என்று கவலைப்பட்டார். அலர்மேல் என்று சேர்ந்து வரும்போது பூ என்பதைத் தவிர வேறு பொருளுக்கு இடமே இல்லை.

பத்மாவதி வேறு, அலமேலு வேறா?

ஒரே தாயார். பத்மம் என்றால் தாமரை. வடமொழியில் பத்மாவதி, தமிழில் அலர்மேல்மங்கை. திருப்பதியிலிருந்து சுமார் 5 கி.மீ. தள்ளி இருக்கும் திருச்சானூரில் பத்ம சரோவரம் என்ற குளத்தில், பொற்றாமரையில் தாயார் தோன்றினார் என்பது தலபுராணம். அந்த ஊருக்கே அலமேலுமங்காபுரம் என்று ஒரு பெயர் உண்டு. நவம்பர், டிசம்பர் வாக்கில் பிரம்மோற்சவம் நடந்து, பஞ்சமி தீர்த்தத்தோடு முடியும். அன்றைக்குக் குளத்தில் கால் வைக்க இடம் கிடைக்காது.

அலைமகள் என்பதும் திருமகளைத்தான் குறிக்கும், ஆனால் சொல் வேறு. பாற்கடல் அலையில் பிறந்தவள் அலைமகள். அதிலிருந்து அலமேலு வந்தது என்று சிலர் சொல்வது ஒலி ஒற்றுமையால் வந்த குழப்பம். திருவள்ளுவர் அவளைத் 'தாமரையினாள்' என்கிறார், சோம்பல் இல்லாதவனின் உழைப்பில் இருப்பாளாம். அலர்மேல்மங்கைக்கு அது மிக நெருங்கின சொல்.

ஐயங்கார் வீட்டுப் பெயர்தானே?

இல்லை. அவர்கள் வீட்டில் உண்டு, ஆனால் அவர்களுக்கு மட்டும் இல்லை. முதலியார், நாயுடு, ரெட்டியார் என்று பெருமாளைக் குலதெய்வமாகக் கொண்ட பல வீடுகளில் அலமேலு உண்டு. செட்டிநாட்டில் அலமேலு ஆச்சிகள் நிறையப் பேர். வேங்கடாசலபதியைக் கும்பிடும் வீடு எதுவாக இருந்தாலும் இந்தப் பெயர் இருக்கலாம். சென்னையில் மீன் விற்ற அலமேலுவையும் எனக்குத் தெரியும், கல்லூரியில் கணக்குச் சொல்லிக்கொடுத்த அலமேலு மேடத்தையும் தெரியும்.

சென்னையில் இத்தனை அலமேலுகள் ஏன்?

திருப்பதி நமக்கு ஏறக்குறைய 135 கி.மீ. தூரம்தான். 1953இல் ஆந்திரா தனி மாநிலம் ஆகும்வரை அது சென்னை மாகாணத்துக்குள் இருந்த ஊர். விடியற்காலை கிளம்பி, தரிசனம் முடித்து, லட்டோடு ராத்திரி வீட்டுக்கு வந்துவிடும் குடும்பங்கள் இங்கே நிறைய. வேண்டிக்கொண்டு பிறந்த குழந்தை ஆணானால் வெங்கடேசன் அல்லது சீனிவாசன், பெண்ணானால் அலமேலு.

புரட்டாசியில் பூக்கடை சென்னகேசவப் பெருமாள் கோயிலிலிருந்து, திருமலைப் பெருமாளுக்குக் கொண்டுபோகும் திருப்பதிக் குடை கிளம்பும். யானைக்கவுனியைத் தாண்டும் நேரத்தில் அங்கே நின்று பார்த்தவர்களுக்குத் தெரியும், வெள்ளைக் குடைகள் கூட்டத்துக்கு மேல் ஆடி ஆடி வரும், 'கோவிந்தா' என்ற சத்தத்தில் பக்கத்தில் இருப்பவர் பேசுவது கேட்காது. பாட்டி என்னைத் தோளில் தூக்கிக்கொண்டு அங்கே நின்றது எனக்கு அரைகுறையாக ஞாபகம் இருக்கிறது. 'எங்க வீட்டுக்காரருக்குக் குடை போகுது' என்பார். தாத்தா பெயரும் சீனிவாசன் என்பது எனக்குப் பெரியவளான பிறகுதான் உறைத்தது.

மயிலாப்பூரில் அலமேலுமங்காபுரம் என்று ஒரு பகுதியே இருக்கிறது. தியாகராய நகரில் ஜி.என். செட்டி சாலையில் பத்மாவதித் தாயாருக்குத் தனிக்கோயில் கட்டி 2023இல் குடமுழுக்கு நடந்தது. அப்புறம் நம் ஊர்க் கல்யாணப் பத்திரிகைகள். 'ஸ்ரீ அலமேலுமங்கா சமேத ஸ்ரீ வெங்கடாசலபதி துணை' என்று மேலே அச்சடித்த பத்திரிகை ஒன்றாவது உங்கள் வீட்டு அலமாரியில் கிடக்கும், பாருங்கள்.

முழு உச்சரிப்போடு இந்தப் பெயரை உலகம் அறியச் செய்தவரும் நம் ஊர்க்காரர்தான். பந்தநல்லூர் பாணியில் ஆடும் பரதக் கலைஞர் அலர்மேல் வள்ளி, 2004இல் பத்ம பூஷண் பெற்றவர். 'ர்' விழாமல் அந்தப் பெயர் மேடைகளில் அறிவிக்கப்படுவதைக் கேட்டுத்தான் எனக்கும் முழுப்பெயர் வைக்கும் துணிவு வந்தது.

அலமேலு, அலர்மேல், அலர்மேல்மங்கை – எதை வைப்பது?

மூன்றும் சரி. பாட்டி பெயரை அப்படியே தொடர வேண்டும் என்றால் அலமேலு. பொருள் தெரிய வேண்டும் என்றால் அலர்மேல்மங்கை. அலர்மேல் என்று மட்டும் வைத்தால் கேட்பவர்கள் பெயர் முடியவில்லையோ என்று காத்திருக்கிறார்கள், அதற்குப் பழகிக்கொள்ள வேண்டும்.

இலக்கணப்படி சேர்த்து எழுதினால் லகரம் னகரமாகி அலர்மேன்மங்கை என்று வரவேண்டும், மேல் + மை மேன்மை ஆவதுபோல. பழைய பதிப்புகளில் அந்த வடிவம் உண்டு. பெயராக வைக்கும்போது 'மேல்' தெளிவாகத் தெரிவதே நல்லது என்று நான் அலர்மேல்மங்கை என்றே எழுதினேன்.

ஆங்கிலத்தில் எழுதும்போது கவனம் வேண்டும். அலர்மேல் என்பதை ஆங்கில எழுத்தில் பார்க்கும் பிற மாநிலத்தவர் முதல் பாதியை அலாரம் என்பதுபோல நீட்டிப் படிக்கிறார்கள். ஒருமுறை திருத்திச் சொன்னால் போதும், அடுத்த முறை சரியாகச் சொல்லிவிடுவார்கள்.

ஆவணங்களில் சிக்கல் வருமா?

ஒரே எழுத்தில் ஒட்டிக்கொண்டிருந்தால் வராது. எங்கள் வீட்டில் வந்தது. தாத்தா போனபிறகு குடும்ப ஓய்வூதியம் பாட்டிக்கு மாற வேண்டும். ரேஷன் அட்டையில் அலமேலு, வங்கிப் புத்தகத்தில் அலமேலம்மாள், தாத்தா கொடுத்திருந்த பழைய படிவத்தில் அலர்மேல்மங்கை. மூன்றும் ஒரே ஆள்தான் என்று சொன்னதை அந்த அலுவலகத்தில் ஏற்கவில்லை. உறுதிமொழிப் பத்திரம், சான்றிதழ், மறுபடியும் படிவம் என்று ஏழு மாதம் போனது. பாட்டி ஒவ்வொரு முறையும் வெளுத்த புடவை கட்டிக்கொண்டு வந்து பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். ஒருநாள் வரிசையில் நிற்கும்போது, 'நான்தாம்மா மூணு பேரும்' என்று அந்த எழுத்தரிடம் சொன்னார். இன்னமும் என்னால் அதை மறக்க முடியவில்லை.

அதனால் சொல்கிறேன். பிறப்பைப் பதிவு செய்ததிலிருந்து 12 மாதத்துக்குள் குழந்தையின் பெயரைக் கட்டணம் இல்லாமல் சேர்க்கலாம். அதற்குப் பிறகு தாமதக் கட்டணத்தோடு 15 வருடம்வரை சேர்க்கலாம். அவசரப்பட வேண்டாம், ஆனால் தமிழிலும் ஆங்கிலத்திலும் ஒவ்வொரு எழுத்தையும் வீட்டில் தாளில் எழுதிப் பார்த்து முடிவு செய்துவிட்டுப் போங்கள். பிறப்புச் சான்றிதழில் எப்படியோ அப்படியே ஆதாரிலும் பள்ளியிலும் இருக்கட்டும். பெரியவர்கள் பெயரை மாற்றவோ ஒன்றாக்கவோ விரும்பினால் தமிழ்நாடு அரசிதழில் வெளியிடுவதுதான் வழி. வீட்டில் வயதான அலமேலு இருந்தால், அவர் கணவர் இருக்கும்போதே எல்லாக் காகிதத்தையும் எடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

நட்சத்திர எழுத்து?

அகரத்தில் தொடங்குவதால் கார்த்திகை முதல் பாதத்துக்குப் பொருந்தும். எங்கள் மகள் கார்த்திகை இல்லை. வைத்தோம்.

வீட்டில் எப்படிக் கூப்பிடுவது?

அலமு என்பது பழைய செல்லப்பெயர். மங்கை, மங்கா என்றும் கூப்பிடலாம். எங்கள் வீட்டில் அலர். என் மாமியார் மட்டும் விடாமல் 'அலமேலு' என்று முழுக்கக் கூப்பிடுகிறார், குழந்தை அதற்குத்தான் முதலில் திரும்பிப் பார்க்கிறது.

கடவுள் நம்பிக்கை இல்லாதவர்கள் வைக்கலாமா?

தாராளமாக. பூவின்மேல் மங்கை என்பது அழகான தமிழ். அதற்கு மேல் ஒரு காரணம் தேவை இல்லை.

பழைய பெயர், குழந்தையைக் கேலி செய்ய மாட்டார்களா?

செய்தார்கள். எல்.கே.ஜி.யில் ஒரு பையன் 'கிழவி பேரு' என்றான். தொலைக்காட்சித் தொடர்களிலும் நகைச்சுவைக் காட்சிகளிலும் அலமேலு என்றால் மடிசார் மாமி அல்லது சமையல்காரம்மா. ஒரு தலைமுறையே இந்தப் பெயரைச் சிரிப்புக்கு மட்டும் கேட்டு வளர்ந்திருக்கிறது. அது எனக்கு நிஜமாகவே வருத்தம். அந்தப் பெயரைத் தாங்கிய பெண்கள் எத்தனை வீடுகளை நடத்தியிருக்கிறார்கள்!

மகள் அழுதுகொண்டு வந்த அன்று, ஒரு தாமரைப் பூ வாங்கிவந்து தண்ணீர்க் கிண்ணத்தில் வைத்தேன். இரவு மொட்டாக இருந்தது, காலையில் விரிந்திருந்தது. 'இதுதான் அலர். இதுக்கு மேல யாரு?' என்று கேட்டேன். விரலால் நடுவில் இருந்த மஞ்சள் பொகுட்டைத் தொட்டுப் பார்த்தாள். 'நான்' என்றாள். அந்தப் பையனுக்கும் போய் விளக்கியிருக்கிறாள். அவன் இப்போது நல்ல சிநேகிதன்.

இதே வகையில் வேறு பெயர்கள் சொல்லுங்களேன்?

சென்னையைச் சுற்றியுள்ள கோயில்களிலேயே கிடைக்கும். திருவல்லிக்கேணியில் வேதவல்லி, மயிலாப்பூர் ஆதிகேசவர் கோயிலில் மயூரவல்லி, திருவிடந்தையில் கோமளவல்லி, திருவள்ளூரில் கனகவல்லி. திருநீர்மலைத் தாயாரின் பெயர் அணிமாமலர்மங்கை. அலர்மேல்மங்கைக்கு உடன்பிறந்த பெயர் மாதிரி இருக்கும். இரண்டாவது பெண் பிறந்திருந்தால் அதைத்தான் வைத்திருப்பேன்.

இவ்வளவு நீளப் பெயரை எழுத இடம் போதுமா?

தேர்வுத்தாள் கட்டங்களில் போதும். பாத்திரத்தில்தான் கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

பாட்டியின் எவர்சில்வர் அடுக்கு என்னிடம் இருக்கிறது. வாய் ஓரத்தில் புள்ளி புள்ளியாக 'அலமு' என்று வெட்டியிருக்கும். எழுத்துக்கு இத்தனை பைசா என்று வாங்கிய காலம், மூன்று எழுத்தோடு தாத்தா நிறுத்திக்கொண்டார். போன ஜூனில் மகளின் டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு திருவல்லிக்கேணியில் பாத்திரக் கடைக்குப் போனோம். வெட்டும் பெரியவர் மூடியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, 'அலர்னு மட்டும் போடட்டுமாம்மா?' என்றார். முழுக்க வேண்டும் என்றேன். மெஷினை எடுத்து மெதுவாக வெட்டினார். எழுத்து மூடியின் ஓரம் வரைக்கும் போய், 'கை' மட்டும் வளைவில் கொஞ்சம் கீழே இறங்கி நிற்கிறது.